குழந்தையோடு கல்லூரி புகுந்தோர்

தலைவன் தலைவியை விட்டுப் பிரிவதற்குரிய காரணங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியனார், கல்வியையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். பகைவர்மேற் செல்வதற்கும் தூது செல்வதற்கும் இணையாக ஓதச் செல்வதும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. கற்பியலில் அப்பிரிவுக்கு மூன்று ஆண்டு என எல்லையும் கட்டப்பட்டது. இல்லறம் புகுந்தவனும் மேலும் கற்பான் என்பதும், அவன் கற்கும் காலத்தில் இல்லத்தார் வருந்துவர் என்பதும், அவ்வருத்தத்திற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். இன்று பல நாடுகளில் பட்டப் படிப்பின் காலமும் மூன்றாண்டாக இருப்பது தற்செயலான பொருத்தம். அதில் ஆழ்ந்த பொருள் தேட வேண்டுவதில்லை.

ஆயின், அவ்விலக்கணம் ஒருவர் போவதையும் மற்றவர் காத்திருப்பதையும் மட்டுமே பேசுகின்றது. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கற்கப் போவோரைப் பற்றி அங்கே பேச்சில்லை. பிற நாடுகளிலும் அண்மைக் காலம் வரை இதே நிலைதான். கல்விக்கு ஒரு பருவம், மணத்துக்கு அடுத்த பருவம், மக்கட்பேற்றுக்கு அதற்கும் அடுத்த பருவம் என்று வாழ்க்கையை அடுக்கி வைத்தனர். கல்லூரிகளும் அந்த அடுக்கை ஒட்டியே கட்டப்பட்டன. விடுதி என்றால் தனியாளுக்கு ஓர் அறை. உணவு என்றால் பொதுக்கூடம். வகுப்பு என்றால் பட்டப்பகல். மாணவர் மணம் புரிவதைத் தடுத்த கல்லூரிகளும், மணம் புரிந்த மாணவியை வெளியேற்றிய கல்லூரிகளும் பல இருந்தன.

இந்த அடுக்குக் கலைந்தால் என்ன ஆகும்? கைக்குழந்தை உடைய ஒருவர் கல்லூரியில் நிலைத்து நிற்க இயலுமா? இயலாமற் போனால் குறை எங்கே உள்ளது? குழந்தையிடத்தா, கற்பவரிடத்தா, அன்றிக் கல்லூரியிடத்தா? இவ்வினாக்களுக்கு விடை காணும் வாய்ப்பு இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் வந்து வாய்த்தது. அதனை ஆராய்ச்சியாகக் கருதி ஒருவரும் நடத்தவில்லை. எனினும் இலட்சக்கணக்கானோர் பங்கு கொண்ட பெருஞ்சோதனையாகவே அஃது அமைந்தது.

வேலையின்மைக்கு அஞ்சிப் பிறந்த சட்டம்

1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பொதுமக்கள் அதனை 'ஜி.ஐ. சட்டம்' என்று சுருக்கி வழங்கினர். ஜி.ஐ. என்பது சாதாரணப் படைவீரனைக் குறிக்கும் வழக்குச் சொல். கல்வியின்பாற் கொண்ட காதலால் எழுந்த சட்டம் அது என்று எண்ணுதல் பொருந்தாது. ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் அமெரிக்கர் அப்போரில் படைப்பணி புரிந்தனர். அவர்கள் யாவரும் ஒரே காலத்தில் வேலை தேடி வீதிக்கு வந்தால் நாடு தாங்காது என்னும் அச்சம் ஆட்சியாளரை ஆட்டி வைத்தது. முதல் உலகப் போரில் போரிட்டவர்கள், தங்களுக்கு உரிய தொகையை முன்கூட்டியே தருமாறு கேட்டு 1932-இல் தலைநகரில் குடிசை கட்டித் தங்கியதும், அவர்கள் படையைக் கொண்டே விரட்டப்பட்டதும் அனைவர் நெஞ்சிலும் நின்றன. திரும்பி வருவோருள் ஒரு பகுதியினரைக் கல்லூரியில் சில ஆண்டு இருத்தி வைத்தால் வேலைச் சந்தையில் நெரிசல் குறையும் என்பதே கணக்கு.

சட்டம் தந்த உதவி சிறிதன்று. கல்லூரிச் சம்பளம், நூல், கருவி ஆகியவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 500 அமெரிக்க வெள்ளி வரை அரசாங்கமே செலுத்தியது. ஹார்வர்டு போன்ற பெயர் பெற்ற கல்லூரியின் சம்பளமே அன்று அவ்வெல்லைக்குள் அடங்கிவிட்டது. இதனோடு வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகையும் உண்டு. இக்கட்டுரையின் பொருளுக்கு உயிரான செய்தி அத்தொகையில்தான் உள்ளது. தனியாளுக்கு மாதம் 50 வெள்ளி. தன்னைச் சார்ந்தோர் உடையவனுக்கு 75 வெள்ளி. விலைவாசி ஏறியதால் 1945-ஆம் ஆண்டின் இறுதியில் இவை 65, 90 என உயர்ந்தன. 1948-இல் தனியாளுக்கு 75, ஒருவரைத் தாங்குபவனுக்கு 105, ஒருவருக்கு மேற்பட்டோரைத் தாங்குபவனுக்கு 120 என வகுக்கப்பட்டன.

தொகையைக் கொண்டு இதனை அளக்கலாகாது. மாதம் பதினைந்து வெள்ளி மிகுதியாகக் கிடைப்பதனால் ஒரு குழந்தையின் பாலும் மருந்தும் துணியும் நிரம்பிவிடமாட்டா. பெரும்பாலான குடும்பங்களில் மனைவி வேலைக்குச் சென்றே குறையை ஈடுசெய்தாள். 'சார்ந்தோர்' என்ற அந்த ஒரு சொல்தான் புதியது. மாணவன் என்பவன் தனியன் அல்லன். அவன் செலவுக் கணக்கில் பால்புட்டிக்கும் ஓர் இடம் உண்டு என்பதனைச் சட்டம் தானாக ஒப்புக்கொண்டது. கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக அன்றி, உரிமையாக அது வந்து சேர்ந்தது.

1947-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரராக இருந்தனர். சட்டத்தின் கல்விப் பகுதி 1956-இல் முடிவுற்றபோது, கல்லூரி சென்றவர் தொகை மட்டும் இருபத்திரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களுள் பாதிப்பேர் மணமானவர் என்றும், கால்பங்கினர் குழந்தை உடையவர் என்றும் வரலாற்றாசிரியர் பொதுவாக மதிப்பிடுவர்.

படைவீரர் ஊர்கள்

பணம் வந்தது, குடியிருக்க இடம் வரவில்லை. போர்க் காலம் முழுவதும் மரமும் இரும்பும் போருக்கே சென்றமையால் நாடெங்கும் வீட்டுப் பஞ்சம். கல்லூரி விடுதிகளோ தனியாளுக்கு உரியவை. அந்நிலையில் அரசாங்கம் போர்க் காலத்து எஞ்சிய கொட்டகைகளைக் கல்லூரிகளுக்குத் தந்தது. படையினர் தங்கியிருந்த நீண்ட மரக்கொட்டகைகளைத் துண்டு துண்டாகக் கழற்றி ஏற்றி வந்து, கல்லூரியை அடுத்த வெளிகளில் மீண்டும் பூட்டினர். நடுவே தட்டிகள் வைத்து ஒன்றைப் பல வீடாக்கினர். சக்கரம் பூட்டிய இழுவண்டி வீடுகளும் வரிசையாக நின்றன. அவற்றுட் பலவற்றில் குழாய் இல்லை. குளிப்பதும் துவைப்பதும் பொதுக் கூடத்தில்தான். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போன்ற இரும்புத் தகட்டுக் குடில்கள் வேறு. 'குவான்செட்' எனப்பட்ட அவற்றில் சுவரே வளைந்திருந்தமையால் ஓர் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் அரிது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மாடிசன் நகரில் உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் தொலைவில் வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சார்ந்து எழுந்த குடியிருப்பு, 'பாட்ஜர் கிராமம்' என்னும் பெயரில் மாணவர் குடும்பங்களின் ஊராயிற்று. கணவன்மார் நாள்தோறும் பேருந்தேறி வகுப்புக்குச் சென்று மீண்டனர். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பலர், குண்டுவீச்சு விமானம் கட்டிய தொழிலாளர்க்கென எழுப்பிய வில்லோ ரன் குடியிருப்பில் வாழ்ந்தனர். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமோ படைத்துறை மருத்துவமனை ஒன்றையே பெற்று, நோயாளிகள் கிடந்த கூடங்களைக் குடும்ப வீடுகளாக மாற்றியது. இத்தகைய ஊர்களுக்குப் பொதுவாக 'வெட்ஸ்வில்' என்று பெயர் வழங்கிற்று. படைவீரர் ஊர் என்பது பொருள்.

வசதி என்று சொல்லத்தக்கது இவ்வூர்களில் ஒன்றும் இல்லை. கொடிகள் முழுதும் குழந்தைத் துணிகள். அடுத்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் கேட்கும் தட்டிச் சுவர்கள். எனினும் ஒரு பெரிய நன்மை இருந்தது. அடுத்த வீட்டாரும் அதே நிலையினர். நள்ளிரவில் ஒரு குழந்தை அழுதால் முகம் சுளிக்க அங்கே எவருக்கும் உரிமை இல்லை. நாளை அழப்போவது அவர் வீட்டுக் குழந்தை. ஒரு தாய் கடைக்குப் போனால் மற்றொருத்தி பார்த்துக்கொண்டாள். முறைவைத்துக் குழந்தைகளைக் கவனிக்கும் கூட்டுறவுக் காப்பகங்கள் தோன்றின; கூட்டுறவுக் கடைகளும் எழுந்தன. ஊர்த்தலைவரையும் மன்றத்தையும் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொண்ட குடியிருப்புகளும் இருந்தன.

குழந்தை வளர்ப்பும் கல்வியும் மோதுவது எவ்விடத்தில் என்பதை இங்கே நின்று நோக்குதல் வேண்டும். ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு நாளில் குழந்தைக்காகச் செலவாகும் மணிகளைக் கூட்டிப் பார்த்தால், கற்பவர்க்கு எஞ்சும் நேரம் அத்துணைக் குறைவன்று. குழந்தை நேரத்தைத் தின்பதைக் காட்டிலும் நேரத்தை நறுக்குவதே மிகுதி. மூன்று மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால் ஒரு கட்டுரையை எழுதி முடிக்கலாம். அதே மூன்று மணி நேரம் பதினெட்டுப் பத்து நிமிடங்களாக உடைந்து கிடைத்தால், ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே காலம் கழியும். அன்றியும், எந்தப் பத்து நிமிடம் கிடைக்கும் என்பதும் முன்னரே தெரியாது. மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இத்துண்டு நேரத்தைப் பொறுக்கும். கணக்கும் கட்டுரையும் பொறுக்கமாட்டா. ஆதலின் பெற்றோராகிய மாணவர்க்குத் தேவை அறிவுரையோ ஊக்கமொழியோ அன்று. முறியாத சில மணி நேரத்தை எவரேனும் உறுதியாகக் கொடுக்க வேண்டும். வெட்ஸ்வில் தந்தைமார்க்கு அதனைக் கொடுத்தவர் இருந்தனர். அவர் யார் என்பது பின்னர் வரும்.

அறிஞர் அஞ்சியதும் நடந்ததும்

இத்திட்டத்தைக் கல்வித் தலைவர்கள் யாவரும் வரவேற்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்ற நாடோடிகள் தங்கும் காடுகளாகிவிடும் என்னும் கருத்துப்பட 1944 டிசம்பரில் வார இதழொன்றில் எழுதினார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், தகுதியுடையோரைத் தெரிந்தெடுக்காமல் எல்லார்க்கும் கதவைத் திறக்கின்றதே இச்சட்டம் என்று வருந்தினார். இவர்கள் சிறியோர் அல்லர். கல்வியின் தரத்தை உயிராகப் போற்றியவர்கள். ஆயினும் அவர்கள் கணிப்புப் பிழையாயிற்று. இரண்டே ஆண்டுகளில் கோனன்ட், ஹார்வர்டு இதுவரை கண்ட மாணவருள் முதிர்ச்சியும் நம்பிக்கையும் மிக்கவர் இவர்களே என்று மனமாரப் பாராட்டினார். சொன்னதை மாற்றிக்கொள்ளும் துணிவு கல்வித் துறையில் அரிது. அவ்வகையில் கோனன்ட் பாராட்டுக்குரியர்.

பதினாறு கல்லூரிகளைச் சேர்ந்த பதினாயிரம் மாணவரைப் பற்றிப் பிரெடரிக்சன், ஷ்ரேடர் என்னும் இருவர் ஆராய்ந்து 1951-இல் வெளியிட்ட நூல், படைவீரர் தம் இயல்பான திறனுக்கு ஏற்ற அளவினும் சற்றே கூடுதலாக மதிப்பெண் பெற்றனர் என்று காட்டிற்று. மணமாகாத இளைஞர்கள் இவர்களால் வகுப்பின் சராசரி மதிப்பெண் ஏறிவிடுகின்றது என்று குறைபட்டுக் கொண்டதும் உண்டு. இழுவண்டி வீட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்தவர்களும் இவர்களோடு இருந்தனர் என்பதை மறக்கலாகாது. குழந்தை உடையவர் கற்கமாட்டார் என்னும் நம்பிக்கைக்கு இது தகுந்த மறுப்பாகும்.

எல்லார்க்கும் ஒரே அளவில் பயன் சென்றதா என்றால், இல்லை. சட்டத்தின் சொற்களில் நிற வேற்றுமை இல்லை, நடைமுறையில் இருந்தது. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினத்தார்க்கென இருந்த சில கல்லூரிகளோ இடமின்றிப் பலரைத் திருப்பி அனுப்பின. உதவித்தொகை கையில் இருந்தும் நுழையக் கல்லூரி இல்லாதோர் நிலை அது.

மனைவிக்குக் கிடைத்த பட்டம்

தந்தைமார்க்கு முறியாத மணி நேரத்தைக் கொடுத்தவர் அவர்தம் மனைவியரே. பகலில் தட்டெழுத்து வேலையோ கடை வேலையோ செய்து, மாலையில் சமைத்து, இரவில் குழந்தையை உறங்க வைத்து, கணவனின் கட்டுரையையும் தட்டெழுதித் தந்த பெண்கள் பலர். பட்டமளிப்பு நாளில் இம்மனைவியர்க்கும் ஒரு தாள் கொடுக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் தோன்றியது. 'பி.எச்.டி.' என்னும் பட்டத்தின் ஒலியை ஒட்டி 'பி.எச்.டி' என்றே படிக்கத்தக்க மூன்றெழுத்துகள் அதில் இருந்தன. 'கணவனைக் கரையேற்றியவள்' என்பது அவ்வெழுத்துகளின் விரிவு. வேடிக்கைக்காக வழங்கிய அச்சான்றிதழை இன்று படிப்போர்க்கு வேடிக்கை தோன்றுவதில்லை. பெட்டி பிரீடன் 1963-இல் வெளியிட்ட பெண்ணியல் நூலில் இப்பட்டத்தை எடுத்துக்காட்டி, மணமான மாணவர்க்கென எழுந்த விடுதிகளில் மாணவர் எனப்பட்டோர் ஏறக்குறைய எப்போதும் கணவன்மாரே என்பதைச் சுட்டினார்.

அக்காலப் புள்ளிவிவரமும் அதனையே கூறுகின்றது. 1920-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவருள் 47 விழுக்காட்டினர் பெண்கள். 1950-இல் அது மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தது. ஆடவர் பெருந்தொகையாக வந்து சேர்ந்ததே முதற்காரணம் ஆயினும், இடநெருக்கடியில் கதவு சாத்தப்பட்டவர் பெண்களே என்பதும் உண்மை. போரில் பணிபுரிந்த பெண்களுக்கும் ஜி.ஐ. சட்டம் உரியதுதான், ஏறத்தாழ 65,000 பெண்கள் அதனைக் கொண்டு கல்லூரி சென்றனர். இருபத்திரண்டு இலட்சத்தில் அது நூற்றுக்கு மூன்று.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு முரண் உண்டு. மாணவர் குடும்பங்களுக்குக் கொட்டகை வீடுகளைத் தந்தது 1940-இல் இயற்றிய லான்ஹாம் சட்டம். போர்த் தொழிலாளர் குடியிருப்புக்கென வந்த அச்சட்டத்தை 1945-இல் திருத்திப் படைவீரர் வீட்டுக்கும் பணம் ஒதுக்கினர். அதே லான்ஹாம் சட்டத்தின் பணத்தைக் கொண்டுதான் போர்க் காலத்தில், தொழிற்சாலை செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கு நாடெங்கும் பகற்காப்பகங்கள் நடத்தப்பட்டன. ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் வெவ்வேறு காலங்களில் அவற்றில் வளர்ந்தன. போர் முடிந்தது, இனித் தாய்மார் வீட்டுக்குத் திரும்பலாம் என்று 1946 பிப்ரவரி இறுதியோடு அப்பணம் நிறுத்தப்பட்டது. கலிபோர்னியா போன்ற சில இடங்கள் தம் செலவில் தொடர்ந்தன; ஏனையவை பெரும்பாலும் மூடப்பட்டன. ஒரே சட்டம், ஏறத்தாழ அதே மாதங்களில், தந்தை கற்க வீடு கொடுத்துவிட்டுத் தாய் வெளியே போகக் காப்பகத்தை எடுத்துக்கொண்டது. தாய்மார் கற்கவில்லை, ஆதலின் அவர்க்குக் கற்கும் ஆர்வம் இல்லை என்று பின்னர்ச் சிலர் எழுதினர். ஏணியை அகற்றிவிட்டு, ஏறவில்லையே என்பதனோடு ஒக்கும் அது.

தாய்மார்க்குத் திறந்த கதவு

நிலைமை 1960-ஐ ஒட்டி மெல்ல மாறத் தொடங்கியது. அவ்வாண்டில் மினசோட்டா பல்கலைக்கழகம், படிப்பை இடையில் விட்ட பெண்களை மீண்டும் அழைத்து வழிகாட்டும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் ராட்கிளிப் கல்லூரித் தலைவர் மேரி பன்டிங் ஒரு புதிய ஆய்வகத்தை அறிவித்தார். நுண்ணுயிரியல் அறிஞராகிய அவர், கணவனை இழந்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். பெண்களிடமிருந்து சமுதாயம் எதனையும் எதிர்பார்ப்பதில்லை. அதுவே பெருங்குறை என்று கூறி வந்தார். ஆய்வகம் உயர்கல்வி முடித்தோர்க்கும் கலைஞர்க்கும் உரியது. ஓர் உதவித்தொகை, பூட்டிக்கொள்ள ஓர் அறை என இரண்டையே அது தந்தது. அத்தொகையைக் குழந்தை பார்ப்பவர்க்குக் கூலியாகக் கொடுத்தாலும் கேள்வி இல்லை. குழந்தை பார்க்கும் கூலியும் கல்விச் செலவே என்று ஒரு கல்லூரி ஒப்புக்கொண்டமை, 1944-இன் 'சார்ந்தோர்' என்னும் சொல்லுக்கு அடுத்த படி. 1962-இல் சாரா லாரன்ஸ் கல்லூரி, பட்டம் முடிக்காத இல்லத்தரசியர் பகுதி நேரமாகக் கற்றுப் பட்டம் பெறத் தனித்துறை அமைத்தது.

1972-இல் வந்த கல்விச் சட்டத் திருத்தமும் அதனை ஒட்டி 1975-இல் வகுத்த விதிகளும், கருவுற்றமையால் ஒரு மாணவியை விலக்குவதைத் தடை செய்தன. 1998-இல் வருமானம் குறைந்த பெற்றோர்-மாணவர்க்காகக் கல்லூரிக் காப்பகங்களுக்கு மத்திய அரசின் மானியம் ஏற்பட்டது. இவை யாவும் நல்லனவே. ஆனால் அளவைப் பார்த்தல் வேண்டும். 2015-16-ஆம் கல்வியாண்டில் அமெரிக்க இளநிலை மாணவருள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் குழந்தை வளர்ப்பவர் என்றும், அத்தகையோருள் பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் பெறாமலே விலகுகின்றனர் என்றும் அந்நாட்டு அரசாங்கத் தணிக்கைத் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. 1998-இன் மானியத்தால் 2016-17-இல் பயன்பெற்றவரோ ஏறத்தாழ 3,300 பேர். காத்திருப்போர் பட்டியலில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள்.

அவ்வறிக்கையில் மற்றொரு செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. குழந்தைக் காப்புச் செலவையும் தம் கல்விச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுமாறு மாணவர் கல்லூரியைக் கேட்கலாம். கேட்டால் கூடுதல் உதவியோ கடனோ பெறலாம். ஆயின் ஆராயப்பட்ட கல்லூரிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தம் இணையத்தளத்தில் அதனைக் குறிப்பிடவே இல்லை. 1944-இல் கேளாமலே வந்தது, இன்று கேட்டால் மட்டும் வருகின்றது. கேட்கலாம் என்பதும் பலர்க்குத் தெரிவதில்லை. அன்றைய வீரருள் பெரும்பாலோர்க்கு வீட்டில் மனைவி இருந்தாள். இன்று குழந்தையோடு கற்கும் அமெரிக்கருள் பாதிக்கு மேற்பட்டோர் தனித்து நின்று குழந்தை வளர்ப்போர்.

வீடு தேடி வந்த கல்லூரி

குடும்பத்தைக் கல்லூரிக்குக் கொண்டுவருவது ஒரு வழி. கல்லூரியைக் குடும்பத்துக்குக் கொண்டுபோவது மற்றொரு வழி. இரண்டாவதைப் பேரளவில் செய்துகாட்டியது பிரிட்டன். 1963-இல் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் வானொலி தொலைக்காட்சி வழிக் கல்வியைப் பற்றிக் கிளாஸ்கோவில் பேசினார். அமைச்சர் ஜென்னி லீ அதனை விடாப்பிடியாக நிறைவேற்றினார். 1969-இல் அரச சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவரோடு பாடம் தொடங்கியது. நுழைவுத் தகுதி என்று ஒன்றும் இல்லை. முதல் மாணவருள் மிகப் பெரிய தொழிற்குழுவினர் பள்ளி ஆசிரியர்கள். இல்லத்தரசியரும் கணிசமாக இருந்தனர்.

பாடநூல் அஞ்சலில் வரும். பாட ஒளிபரப்பு விடியற்காலையிலும் நள்ளிரவிலும் நிகழ்ந்து வந்தது. பலர் அதனைக் குறையாகக் கூறினும், குழந்தை உறங்கும் நேரமும் அதுவே அன்றோ! பட்டத்துக்குரிய பாடங்களை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து வைக்கலாம். ஓராண்டு விட்டுப் பின் தொடரலாம். பிள்ளை பிறந்த ஆண்டில் நிறுத்தி, அது நடக்கத் தொடங்கியதும் மீண்டும் தொடங்கினால் முன்பு கற்றது வீணாகாது. நறுக்குண்ட நேரத்துக்கு ஏற்ப நறுக்கிய கல்வி எனலாம். ஆனால் கோடையில் ஒரு வாரம் வேறொரு வளாகத்தில் தங்கிக் கற்க வேண்டும் என்னும் விதி இருந்தது. அந்த ஒரு வாரமே பல தாய்மார்க்கு ஓராண்டுப் பாடத்தினும் கடினமாயிற்று.

இவ்வட்டாரமும் பின்தங்கி நிற்கவில்லை. பிரிட்டனில் பாடம் தொடங்கிய அதே 1971-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே இருந்து கற்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. சிங்கப்பூரில் எஸ்.ஐ.எம். நிறுவனம் 1992-இல் பிரிட்டிஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பை நடத்தத் தொடங்கி, 2005-இல் அதன் வழியே யூனிசிம் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அது 2017 முதல் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என வழங்குகின்றது. பணியிலிருப்போர் பகுதி நேரமாகத் தமிழ் மொழியிலும் இலக்கியத்திலும் பட்டம் பெறும் படிப்பு அங்கே 2006-இல் தொடங்கியது. பகலில் வகுப்பெடுத்து இரவில் மாணவராக அமரும் தமிழாசிரியர்க்கும், பிள்ளை பெற்ற பின் மீண்டும் கற்க விரும்பும் தாய்மார்க்கும் அது பெருந்துணை.

அங்கும் பழைய சிக்கல் ஒரு மூலையில் அமர்ந்திருக்கின்றது. சிங்கப்பூரின் முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாகக் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகின்றன. பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகள் பெரும்பாலும் தொடங்குவதும் மாலை 7 மணிக்குத்தான். காப்பகத்தின் கதவு மூடும் நேரமும் வகுப்பறையின் கதவு திறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்த அந்த வேளையில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டி வாங்கிக்கொள்கின்றார். கணவனோ மனைவியோ வேலையிலிருந்து நேரத்தோடு திரும்பும் வீட்டில் அவர் வாங்கிக்கொள்கின்றார். இருவரும் இல்லாத வீட்டில், பட்டப் படிப்பின் விண்ணப்பப் படிவம் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கப்படுகின்றது.